மேல்மாடிக்கு முன்கூட்டியே தெரியும்

கோல் விழுமுன்பே கோல் விழுந்த சத்தம் கேட்டால் எப்படி இருக்கும்?

போன ஞாயிறு பின்னேரம், கொழும்பு கொட்டாஞ்சேனையில் என் சிநேகிதி ஸ்டெல்லாவின் ஃபிளாட்டில் அதை அனுபவித்தேன். அவள் மகள் ஷெரின், நாட்டின் பெண்கள் உதைபந்தாட்ட அணியின் கோல்கீப்பர். வெளிநாட்டில் அரையிறுதி ஆட்டம். காலிறுதியில் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டவள் அவள். அணி எப்படியோ தப்பியது. ஆனால் அன்றிலிருந்து அவர்களின் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு பயிற்சியாளர்கள், ஆளுக்கொரு குறை!

ஸ்டெல்லா போனில் பார்த்தாள். மேல்மாடி செல்வம் வீட்டில் டிஷ் அன்டெனா. அங்கே படம் முந்திவிடும். மேலே கூரை அதிரும்... எங்கள் போனில் பந்து இன்னும் நடுமைதானத்தில் உருளும்.

"மேல போய்ப் பார்ப்பமே?" என்று கேட்டேன்.

"ஏலாது. ஆக்களுக்கு முன்னால என்ர முகத்தை எங்க வைக்கிறது?"

ஆட்டம் சமநிலை. பெனால்டி. ஸ்டெல்லா எழுந்தாள், இருந்தாள், ஃபேனை நிறுத்தினாள், போட்டாள். பிறகு பல்கனிக்கு ஓடினாள்.

"செல்வம் அண்ணே! வாயைக் கொஞ்சம் பொத்துங்கோ! என்ர பிள்ளையை நான் பார்க்க முந்தி நீங்க பார்த்து முடிக்கிறீங்க!"

"சரி தங்கச்சி, இனி மூச்சும் விட மாட்டம்!"

சொன்னபடியே செய்தார்கள். அங்கேதான் வினை.

கடைசி உதை. ஷெரின் தடுத்தால் இறுதிப் போட்டி. போனில் எதிரணிப் பெண் பந்தை வைத்துக்கொண்டிருந்தாள். மேலே — சத்தமே இல்லை.

"விட்டுட்டாள்" என்றாள் ஸ்டெல்லா.

"நீதானே கத்த வேணாம் எண்டாய்?"

"வெண்டிருந்தா அந்த மனுசன் வாயை மூடிக்கொண்டு இருப்பாரா?"

சத்தத்தைவிட மௌனத்தை நாம் வேகமாக மொழிபெயர்க்கிறோம். அதுவும் எப்போதும் கெட்ட செய்தியாகவே... ஏன்?

போனில் அந்தப் பெண் ஓடிவந்தாள். ஷெரின் இடப்பக்கம் பாய்ந்தாள். முஷ்டியில் பட்டுப் பந்து வெளியே பறந்தது.

ஸ்டெல்லா போனைக் கீழே வைத்தாள். பல்கனிக்குப் போனாள். மேலே செல்வம் குடும்பம் முழுவதும் கம்பியில் சாய்ந்து, வாயைப் பொத்திக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. செல்வத்தின் கண் நிறைந்திருந்தது.

"பார்த்திட்டீங்களா தங்கச்சி?" — இரகசியம்போலக் கேட்டார்.

"பார்த்திட்டன் அண்ணே."

அதன்பிறகுதான் கட்டடம் அதிர்ந்தது.

இறுதிப் போட்டிக்கும் அதே கட்டளைதான். மேல்மாடி இப்போதே பயிற்சியில் இருக்கிறது.