ஓடை ஓய்ந்த பிற்பகல்

சக்குபள்ளத்துக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்கவைத்தது இதுதான்: ஐப்பசி பிறந்தும் இங்கே யாரும் கிழக்கு வானத்தைப் பார்ப்பதில்லை. நான் நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கடலோரத்தில் பிறந்தவள். கணவருக்கு ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் வேலை கிடைத்ததால் இடுக்கி மலைக்குக் குடிவந்தோம். எங்கள் ஊரில் ஐப்பசி தொடங்கி மார்கழிவரை எல்லோர் நினைப்பும் அந்தமான் பக்கம்தான். அங்கே சூடேறிய கடலின்மேல் காற்றழுத்தம் தாழும், சுழலும், வலுத்தால் புயலாகும். அரபிக்கடலைவிட வங்கக் கடலில்தான் புயல்கள் அதிகம் பிறக்கின்றன. பல கரை தொடாமலே கலைந்துவிடும். எது வரும், எது கலையும் என்று காத்துக்கிடப்பதுதான் எங்களுக்கு மழைக்காலம்.

ஒரு கார்த்திகையில் பக்கத்து வீட்டு ரோசம்மாவிடம், "கடல்ல புயல் உருவாயிருக்காம், சேச்சி" என்றேன். அக்காவை இங்கே சேச்சி என்பார்கள். அவர் சிரித்தார். "கடல் எவிடெ, நம்மள் எவிடெ!"

புயல் எங்கள் ஊர் வழியாகவே கரையேறியது. அண்ணன் போனில் பேசினார். "கடந்துட்டு, தங்கச்சி. ஓடெல்லாம் போச்சு. ஆளுங்களுக்கு ஒண்ணுமில்ல. இப்ப அது ஒங்க பக்கந்தான் வருது, பாத்துக்க."

மறுநாள் வந்தது. காற்றையெல்லாம் வழியில் இறக்கிவைத்துவிட்டு வெறும் மழையாக மலை ஏறியிருந்தது. தெருவில் யாருக்கும் அது யாரென்று தெரியவில்லை. அண்ணன் வீட்டு ஓட்டைப் பிடுங்கிய அதே மேகம் என் வாசலில் வந்து நிற்பதாக எனக்குத் தோன்றியது.

பிற்பகலில் ஏதோ மாறியது. மழை குறையவில்லை. ஆனால் காலையிலிருந்து வீட்டுக்குப் பின்னால் உறுமிய ஓடையின் சத்தம் நின்றுபோயிருந்தது. ரோசம்மா சேச்சி வேலியருகே வந்தார். "தோட்டில் வெள்ளமில்லா." தோடு என்றால் ஓடை என்பது எனக்குத் தெரியும். வெள்ளம் இல்லையாம், ஆபத்து விலகியது என்று தலையாட்டினேன். பிறகுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். இத்தனை மழையிலும் ஓடை வற்றிக் கிடந்தது.

சிறுவயதில் ஒரு புயலுக்குப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்கியிருந்தோம். ஊளையிட்ட காற்று சட்டென்று அடங்கி, வெயில்கூட எட்டிப் பார்த்தது. வீட்டைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மாரியப்பன் மாமா இறங்கிப் போனார். அது புயலின் கண். சற்று நேரத்தில் காற்று எதிர்த்திசையிலிருந்து திரும்பி வந்தது. மாமா வரவில்லை.

"சேச்சி, வாங்க, மேட்டுக்குப் போயிடலாம்!"

"உருள்..." என்றார் அவர். மண்சரிவை இங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். மேலே சரிந்த மண் ஓடையை அடைத்திருப்பது அவருக்கும் புரிந்திருந்தது. ஆனாலும் தொழுவத்தை நோக்கித் திரும்பினார். நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"விடு பெண்ணே! என்றெ பசு!"

விடவில்லை. தேவாலயத்து மேட்டில் மூச்சிரைக்க நின்றபோது பச்சை மண் வாசனை வந்தது. பிறகு எதிரே, எங்கள் வீடுகளுக்கு மேலிருந்த சரிவில் மரங்கள் நின்ற நிலையிலேயே நகர்ந்து இறங்கின. தொழுவமும் எங்கள் இரண்டு வீட்டு அடுப்படிகளும் அந்தச் சேற்றில் போயின. ஸ்டோரிலிருந்து ஓடிவந்த என் கணவர் எங்களைப் பார்த்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்தப் பசுவுக்காக ரோசம்மா சேச்சி என்னோடு பல நாள் பேசவில்லை. ஒருநாள் அவராகவே வந்து, என் அருகில் உட்கார்ந்து அழுதார்.

தை மாதம் ஊருக்குப் போனேன். மாலையில் வானம் கறுத்து வந்தது. அண்ணன் குடும்பமும் தெருவும் கரையில் கூடிக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தட்டையாகக் கிடந்த அந்த நிலத்தில் மலையைத் தேடிக்கொண்டிருந்தேன்.