மேனுவலில் ஒரு குத்துப்பாட்டு

நேற்று சாயங்காலம் லைட் போர்டு முன்னால் உட்கார்ந்திருந்தபோது...

லோயர் கேம்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழா மேடை. சவுண்டுக்கு என் வீட்டுக்காரர், லைட்டுக்கு நான்!

(ஆமாம், பொம்பளைதான். "லைட்டுக்காரர் எங்க?" என்று வருபவர்கள் எனக்குப் பின்னால்தான் எட்டிப் பார்ப்பார்கள்.)

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். போர்டில் மூன்று மோடு. ஆட்டோவில் போட்டால் லைட் தானாக மாறி மாறி ஓடும். சவுண்டில் போட்டால் பாட்டின் அடிக்குத் தகுந்தபடி வெட்டி வெட்டி எரியும். மேனுவலில் எல்லாம் நம் விரல்தான்.

குத்துப்பாட்டு என்றால் சவுண்ட் மோடு. தட்டிவிட்டு நான் பாட்டுக்கு முறுக்கு தின்பேன். என் தொழில்நுட்பம் அவ்வளவுதான்!

டான்ஸ் தொடங்கும் முன் ஒரு அண்ணன் வந்தார். திராட்சைத் தோட்டத்திலிருந்து நேராக வந்திருப்பார் போல, சட்டையெல்லாம் மருந்து வாடை.

"தாயி, மூணாவது பாட்டுக்கு எம்மக தர்ஷினி ஆடுது. வெட்டி வெட்டி எரியிற லைட்டு அதுக்கு ஆகாது. வலிப்பு வந்துரும்னு டாக்டர் சொல்லிருக்காக. பள்ளிக்கூடத்துல பயந்துக்கிட்டு மேடை ஏறவே விடல. வீட்டுல கண்ணாடி முன்னாடியே ஆடிக்கிட்டுக் கெடக்கு..."

நான் முறுக்கை ஓரமாக வைத்தேன்.

"மேனுவல்ல போட்டுர்றேண்ணே. ஒரு லைட்டுகூடச் சிமிட்டாது."

ப்ளாஷ் லைட்டின் பிளக்கையே பிடுங்கிவிட்டேன். பாட்டு முடியும்போது பட்பட்டென்று ப்ளாஷ் அடிப்பது எங்கள் வழக்கம். பழகிப்போன விரல், நம்ப முடியாது!

மூன்றாவது பாட்டு. செம குத்து! மேடையில் மஞ்சள் வெளிச்சம் மெதுவாக ஏறி, மெதுவாக நீலத்துக்கு மாறியது.

கூட்டம் சும்மா விடுமா?

"ஏலே, லைட்டு அவுட்டா?"

"லைட்டக்கா தூங்கிருச்சுடா!"

கமிட்டிக்காரர் ஒருவர் ஓடி வந்தார். "என்ன தாயி, குத்துப்பாட்டுக்கு இப்பிடியா லைட்டுப் போடுவாக?" என்று சவுண்ட் பட்டனை அமுக்கக் கையை நீட்டினார்.

எனக்கு இரண்டு கையும் போர்டில். அந்த அண்ணன்தான் சட்டென்று குறுக்கே கையை வைத்தார்.

"வேணாம்யா. எம்புள்ள ஆடுது. வெட்டுற லைட்டு அதுக்கு ஆகாது."

கமிட்டிக்காரர் அவர் முகத்தைப் பார்த்தார். நேராகப் போய் முன்வரிசைக்காரர்களை ஒரு அதட்டு அதட்டினார்.

அப்போதுதான் கவனித்தேன். அண்ணன் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்! பாட்டு முடியும்வரை அவர் கண் என் விரலைவிட்டு நகரவில்லை.

பாட்டு முடிந்தது. பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. நல்ல கைதட்டல்!

தர்ஷினி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அப்பா, எப்பிடி ஆடுனேன்? கடைசிச் சுத்து சரியா வந்துச்சா?"

"வந்துச்சுத்தா. சூப்பரா வந்துச்சு."

பொய்! ஒரு ஸ்டெப்கூடப் பார்க்கவில்லை மனுசன்.

என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீட்டுக்காரர் காதில் விஷயத்தைச் சொன்னேன். உடனே மைக்கைப் பிடித்தார்.

"பொதுமக்கள் விருப்பத்திற்கிணங்க, தர்ஷினி மீண்டும் ஒருமுறை!"

(பொதுமக்கள் யாரும் கேட்கவில்லை.)

தர்ஷினி துள்ளிக் குதித்து மேடையேறினாள். அண்ணன் மறுபடியும் என் போர்டுப் பக்கமே திரும்பி நின்றார்.

"அண்ணே, இங்கன நான் பாத்துக்கிறேன். நீங்க அங்கன பாருங்க."

தயங்கித் தயங்கித் திரும்பினார்.

கடைசிச் சுற்று வந்தபோது முதலில் கைதட்டியது அவர்தான்.