பல்லியும் கதவும்

எங்க வீட்டுல காலையில கோப்பித்தூள் டப்பாவத் தொறக்கிறதுக்கு முன்னாடி ஐஸ் ஹாக்கியத் தொறந்துடுவாங்க. வெள்ளக்கார ஊருல ராத்திரி ஆடுற ஆட்டம், எங்க ஊரு புக்கிட் ரோத்தான்ல நமக்கு அது காலையிலதான் வருது. பேத்தி கைப்போன சீனி டப்பா மேல சாத்தி வச்சிட்டு, ரொட்டிய முக்கி முக்கித் தின்னுகிட்டே பாக்கும். நானும் பக்கத்துல உக்காந்துக்குவேன். குளிருன்னா எனக்குத் தெரிஞ்சது சீவுன ஐஸுல சீனித்தண்ணி ஊத்துற ஐஸ் கச்சாங் ஒண்ணுதான். ஆனாலும் பாக்கப் பாக்கப் புடிச்சுப் போச்சு லா.

என் பேத்தியே கோல் கீப்பர்தான். கே.எல். டவுன்ல பெரிய கடைக் கட்டடத்துக்குள்ள ஐஸ் போட்டு வச்சிருக்காங்களே, அங்க. ராவாங்குல ஆபீஸ் வேல, சனிக்கிழம ஆனா பைய முதுகுல தூக்கிக்கிட்டுக் கெளம்பிடும். ஒரு கறுப்பு வட்டு. நாம சின்னதுல பாண்டி ஆடுனோமே, அந்தச் சில்லு கணக்கா இருக்கும். தடியால ஒரு போடு போட்டா குண்டு மாதிரி வருது. அத இவ நெஞ்சக் குடுத்து நிறுத்துது. பெத்தவளுக்குப் பயம். எனக்குப் பெருமை.

போன்ல ஆடுற ஆளுங்க முதுகுல பேரு எழுதியிருக்கும். எனக்கு எழுத்துக் கூட்டத் தெரியாது, அது எறும்பு ஊர்ற மாதிரிதான் இருக்கும். அதனால நானே பேரு வச்சுக்கிட்டேன். பழைய ஆட்டத்துல ஒருத்தன் வருவான், அவன் பல்லி. உத்தரத்துலேருந்து பல்லி விழுமே, அப்படி விழுவான். மல்லாக்க, குப்புற, கால் ஒரு பக்கம், கை ஒரு பக்கம், கையில இருக்கிற தடியக் கூட விட்டுடுவான். ஆனா வட்டு கோட்டத் தாண்டி உள்ள போவாது. இன்னொருத்தன் இந்தக் காலத்து ஆளு, அவன் கதவு. அவன் அலட்டிக்கவே மாட்டான். முட்டியப் போட்டு ரெண்டு காலையும் ரெண்டு பக்கம் விரிச்சானா, கடைய இழுத்து மூடுன மாதிரி. இந்தப் பேரு ரெண்டும் வீட்டுல எல்லாருக்கும் பழகிப்போச்சு.

மருமகளோட தம்பி, அதாவது பேத்திக்குத் தாய்மாமன், செம்பனைக் குலை லோரி ஓட்டுறான். எண்ண மில்லுல லோரி வரிசையில நிக்கிற நேரமெல்லாம் போன்ல இதத்தான் பாப்பான். அவனுக்கு உசுரு பல்லி மேல.

இப்ப பேத்தியோட பரிச நாளச் சொல்றேன்.

பேத்தி விரும்புன பையன் அதே ஐஸ்ல ஆடுறவன்தான். அவன் அடிக்கிறவன், இவ தடுக்கிறவ. கோலா குபு பாரு ஊருக் குடும்பம், யாழ்ப்பாணத்து ஆளுங்க. தாத்தன் அந்தக் காலத்துல தோட்டத்துல கணக்கு எழுதுற கிராணியா இருந்தவரு. நாங்க லயத்துல இருந்த கூலி ஆளுங்க. என் மவன், அவ அப்பன், ஒத்துக்கவே இல்ல. ரெண்டு வருஷம் அந்தப் புள்ள அழாம, கத்தாம, சோத்துத் தட்ட நவுத்தாம சும்மா நின்னுச்சு. கடைசியில என் மவன் சொன்னான்: "சரி, பரிசம் போடலாம். ஆனா அன்னிக்குச் சகுனத்துல ஒரு சின்னத் தடங்கல் வந்தாலும் பேச்சு அதோட முடிஞ்சுது. அப்புறம் எங்கிட்ட யாரும் வரக்கூடாது."

அவனச் சொல்லியும் குத்தமில்ல. அவன் அக்கா, என் மூத்த மவ, அவ பரிசத்துல தட்டு மாத்தயில தேங்கா உருண்டு தரையில விழுந்துச்சு. யாரும் பெருசா எடுத்துக்கல. அந்தக் கல்யாணம் வருஷம் திரும்புறதுக்குள்ள முறிஞ்சுபோச்சு. அன்னிலேருந்து தேங்கான்னாலே இவனுக்கு நெஞ்சு அடிச்சுக்கும்.

ஞாயித்துக்கிழம பரிசம். நாலரைக்கு ராகு காலம், அதுக்குள்ள தட்டு மாறணும். தஞ்சோங் காராங் ரோட்டுக் கடையில நானே நின்னு வாழப்பழச் சீப்பு பொறுக்கினேன். தேங்காயும் நானே தட்டிப் பாத்து எடுத்தேன், நல்ல குடுமியோட. பித்தளத் தட்டு எங்க மாமியா காலத்துது, வெறும் தட்டே ஒரு பச்சப்புள்ள கனம் கனக்கும். அதுல வெத்தல, பாக்கு, பழம், பூ, மஞ்ச, குங்குமம், சேல, எல்லாத்துக்கும் மேல தேங்கா.

எங்க பக்கம் ஒரு வழக்கம். தட்டப் பொண்ணோட தாய்மாமன்தான் தூக்கணும். மாப்பிள்ளப் பக்கம் அப்பா கை நீட்டணும். ரெண்டு பேரும் ஒரே தட்டப் புடிச்சிக்கிட்டு மூணு தடவ இங்கயும் அங்கயும் குடுத்து வாங்கணும். கையில ஏறுன தட்டு மாறாம கீழ எறங்கக் கூடாது. மாப்பிள்ளைக்கு அப்பா இல்ல. அதனால டொரோண்டோவுலேருந்து பெரியப்பா பறந்து வந்திருந்தாரு. அங்க முப்பது வருஷமா இருக்கிறவரு. அங்க பொறக்குற புள்ளைங்க கூட ஹாக்கி தடியோடதான் பொறக்குமாம், அவரே சொன்னாரு.

வந்தவரு கை கழுவப் பின்பக்கம் போனாரு. அங்க கோழிக் கொட்டாய் ஓரம் கொடியில பேத்தி ஆட்டத்துக்குக் காலுல கட்டுற மெத்தை ரெண்டும் காயுது! முந்தின ராத்திரி ஆடிட்டு வந்தது, அந்த நாத்தத்துக்குக் கோழியே அந்தாண்ட போய் நிக்கும். எடுத்து உள்ள வைடின்னு மருமவகிட்ட காலையிலேருந்து சொல்லிக்கிட்டிருந்தேன். யாரு கேட்டா?

"உது ஆற்றை? இந்த வீட்டில ஆர் கோலி?" ன்னு கத்திக்கிட்டே வந்தாரு. யாரோடதுன்னு கேக்குறாரு, கோலின்னா கோல் கீப்பராம்.

மாப்பிள்ளையோட அம்மா சடக்குன்னு நிமிந்து பேத்தியப் பாத்தாங்க. பொண்ணு ஐஸ்ல ஆடும்னு அவங்களுக்குத் தெரியும். நெஞ்சக் குடுத்து அடி வாங்குற வேலன்னு தெரியாது. எந்திரிச்சுப் போய்க் கொடியில தொங்குன மெத்தைய எட்டிப் பாத்துட்டு வந்து உக்காந்தாங்க.

தாய்மாமனுக்கோ வாயெல்லாம் பல்லு. இத்தன வருஷத்துல ஹாக்கி பேச ஒரு ஆளு கெடச்சிட்டாரே! சாப்பாட்டு எலையிலயே ஆரம்பிச்சிட்டாங்க.

"எல்லாக் காலத்துக் கோலியள்ளயும் ஆர் தம்பி பெரிய ஆள்?"

"என்ன கேள்விங்க இது? பல்லிதான்."

யாரு பல்லின்னு போன்ல காட்டுனான். பெரியப்பா சிரிச்சாரு பாருங்க, ரசம் பொறையேறிடுச்சு. "உவனோ? உவன் விளையாடுறது விளையாட்டே இல்லைத் தம்பி. வலிப்பு வந்தவன் மாதிரி."

"நிறுத்துனானா இல்லையா? அத மட்டும் சொல்லுங்க."

"கப்பைப் பார். எங்கட ஆள் எத்தினை கப் தூக்கினவன்!" இவரு காட்டுனது கதவ.

"கப்பு கோல் கீப்பரா தூக்குறான்? முன்னாடி மல மாதிரி ஆளுங்கள நிறுத்தி வச்சா இந்தப் பாட்டி கூட கப்பு தூக்கும். ஓட்ட டீமுல நின்னு தடுத்தான் பாருங்க, அவன் கீப்பர்."

என்ன எதுக்குடா இழுக்குறன்னு நான் சிரிச்சேன். ஆனா அவங்க ரெண்டு பேரும் சிரிக்கல. அந்தக் காலத்துல கால் மெத்தை பெருசு, இப்ப அளந்து சின்னதாக்கிட்டாங்க, அப்ப பழைய ஆளையும் புது ஆளையும் எப்படிச் சேத்துப் பேசறதுன்னு பெரியப்பா. மெத்தையா தடுக்குது, கண்ணுதான் தடுக்குதுன்னு இவன். பாயசம் ஆறிப் போச்சு. மவன் கடியாரத்தையே பாத்துக்கிட்டிருந்தான்.

"மச்சான், போதும். நேரம் ஆவுது," ன்னான்.

ஒருவழியா எல்லாரும் கூடத்துல உக்காந்தாங்க. சொந்தக்காரங்க செவுரோரம். பேத்தி பட்டுச்சேலையில எனக்கு இந்தாண்ட நின்னுச்சு, தட்டுக்கு ஒரு எட்டு தள்ளி. தாய்மாமன் தட்டத் தூக்குனான். பெரியப்பா கை நீட்டிப் புடிச்சாரு. ஒரு தடவ அங்க போச்சு, இங்க வந்துச்சு. ரெண்டாவது தடவயும் ஆச்சு. மூணாவது போவணும்.

அப்ப பெரியப்பா குனிஞ்சு, மெதுவா, ஆனா எல்லாருக்கும் கேக்குற மாதிரி, "கவனம் தம்பி. பல்லி மாதிரிக் கைவிட்டிடாதையும்," ன்னாரு.

இவன் தட்ட விடல. இறுக்கிப் புடிச்சிக்கிட்டான். "அவன் தடியத்தாங்க விடுவான், வட்ட விட்டதே இல்ல. உங்க கதவுதான் கடைசி ஆட்டத்துல ஆன்னு தொறந்துச்சு. காலுக்கு நடுவுல ஆட்டுக்குட்டி போற அளவுக்கு."

"எந்த ஆட்டம்? சொல்லும் பாப்பம்!"

"நீங்க மொதல்ல பல்லிதான் பெருசுன்னு சொல்லுங்க, தட்டு வரும்."

"விசர்க் கதை கதையாதையும். தாரும் தட்டை."

"சொல்லுங்க லா!"

கீழ வைக்கவும் கூடாது, ஒரு ஆளு விட்டாத்தான் மாறும், ரெண்டு பேரும் விடல. "டேய், புள்ள வாழ்க்கடா," ன்னேன். காதுல விழல. ரெண்டு பேருக்கும் அம்பது தாண்டுன கை. தட்டு நடுங்க ஆரம்பிச்சுது. குங்குமம் சேல மேல கொட்டுச்சு. மாப்பிள்ள எந்திரிச்சு, "பெரியப்பா, விடுங்கோ," ன்னு வந்தான். "நீ இரடா," ன்னாரு அவரு. என் மவன் கண்ணு தேங்கா மேலயே இருந்துச்சு. மொகம் வெளுத்து, அக்கா பரிசத்துல நின்ன அதே மொகம்.

மாப்பிள்ள வந்து தட்டோரத்தத் தொட்டானோ இல்லையோ, வாழப்பழம் சரிஞ்சுது. தேங்கா எழும்பி விளிம்புல ஒரு சுத்து சுத்திச்சு.

விழுந்துச்சு.

என் பக்கத்துல ஒரு காத்து போன மாதிரி இருந்துச்சு, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பாத்தா பேத்தி தரையில கெடக்குது. பட்டுச்சேல ஒரு பக்கம், பூ ஒரு பக்கம், ஒரு முட்டி மடங்கி, ஒரு காலு நீண்டு, மொழங்கை தரையில. உள்ளங்கையில தேங்கா.

மவன் மெதுவாக் கேட்டான்: "தரையில பட்டுச்சா?"

அவனுக்குக் கண்ணு தெளிவாத் தெரியல, தண்ணி கட்டிருச்சு. தட்ட மாப்பிள்ள கையில தள்ளிட்டு, சண்ட போட்ட ரெண்டு பேரும் பட்டு வேட்டியோட தரையில முட்டி போட்டாங்க. ஒருத்தன் இந்தப் பக்கம், ஒருத்தரு அந்தப் பக்கம். கன்னத்தத் தரையில வச்சு அவ கையையும் தேங்காயையும் பாத்தாங்க. ரொம்ப நேரம் பாத்தாங்க. அவசரப்பட்டுச் சொல்லல. பெரியப்பா விரல கைக்கும் தரைக்கும் நடுவுல விட்டு எடுத்தாரு.

"கோட்டைத் தாண்டேல்ல," ன்னாரு.

"தாண்டல மச்சான்," ன்னான் இவன். "தரை தொடவே இல்ல. சுத்தமான சேவ், தடுத்துட்டா."

அன்னிக்கு முழுக்க அவங்க ஒத்துப் பேசுன மொதப் பேச்சு அதுதான். மவன் அப்பவும் அசையல. அப்பத்தான் மாப்பிள்ளையோட அம்மா எந்திரிச்சு வந்தாங்க. நேரா அந்தப் புள்ளகிட்டதான். போச்சு, இப்படித் தரையில பொரளுற பொண்ணு வேணாம்னு சொல்லப் போறாங்கன்னு நெனச்சேன்.

குனிஞ்சு அவ மொழங்கையத் தொட்டு, "நொந்ததோ பிள்ளை?" ன்னாங்க.

"இல்ல அத்தை. இதெல்லாம் ஒண்ணுமில்ல," ன்னு இவ சொல்லுது, கெடந்த மேனிக்கே.

அந்தம்மா தேங்காய அவ கையிலேருந்து எடுத்து, முந்தானையால ஒத்தி, தட்டுல வச்சாங்க. அப்புறம் பெரியப்பா பக்கம் திரும்புனாங்க. "இனி ஒரு வார்த்தை கதைச்சியளெண்டா நானே தட்டை மாத்திடுவன். நேரம் போகுது."

என் மவன் அந்தத் தேங்காயப் பாத்தான். மவளப் பாத்தான். மூக்க உறிஞ்சிக்கிட்டு, "மச்சான், தட்டக் குடு," ன்னான். தாய்மாமன் மாப்பிள்ள கையிலேருந்து தட்ட வாங்கி நீட்டுனான், மூணாவது தடவ தட்டு மாறுச்சு. கடியாரத்துல நாலரைக்கு இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்துச்சு.

ரெண்டாவது தடவ பாயசம் ஊத்தயில திரும்ப ஆரம்பிச்சிட்டாங்க, கேளுங்க. "பாத்தீங்களா, அப்படியே பல்லி! குப்புற விழுந்தாளே!" "முட்டியைப் பாரும் தம்பி, முதல்ல முட்டி மடங்கினது, அது கதவு!" இன்னிக்கு வரைக்கும் டொரோண்டோவுக்குப் போன் போவுது, அங்கேருந்து வருது. லோரி மில்லுல நிக்கிற நேரமெல்லாம் இதே பேச்சு.

எல்லாரும் போனப்புறம் பேத்தி மொழங்கைக்கு நான் எண்ண தடவுனேன். நல்லா வீங்கிப் போயிருந்துச்சு. "எப்படிடி அவ்வளவு வெரசா விழுந்த? பட்டுச்சேலையக் கட்டிக்கிட்டு?" ன்னு கேட்டேன்.

"விழல பாட்டி," ன்னுச்சு. "நீங்கல்லாம் அவங்க வாயப் பாத்துக்கிட்டிருந்தீங்க. நான் கையப் பாத்தேன். மாமா கட்ட வெரலு நழுவ ஆரம்பிச்சப்பவே சேலைக்குள்ள முட்டிய மடக்கிட்டேன். சண்ட முடியிற வரைக்கும் அப்படியேதான் நின்னேன். காலு மரத்தே போச்சு."

சொல்லிட்டு, மெதுவா தேய்ங்கன்னு கைய இன்னும் கொஞ்சம் நீட்டிக் குடுத்துச்சு.