என் பாராட்டு மடலை நானே எழுதிய ஆண்டு

காஞ்சிபுரத்தில் பட்டுப்புடவைக் கடையொன்றின் கல்லாவுக்குப் பின்சுவரில், என் பெயரிட்ட பாராட்டு மடல் கண்ணாடிச் சட்டத்துள் தொங்குகிறது. படிப்போர் அதனைக் கடை உரிமையாளர் மனமுவந்து எழுதியதென்றே கொள்கின்றனர். எழுதியவன் நான், ஆனால் அதன் இறுதி வரி நான் இம்மடலுக்கென எழுதியதன்று. இவ்விரண்டையும் கடையில் அறிந்தவர் மூவரே. ஆகவே, நினைவு தெளிவாக இருக்கும்போதே இதனைப் பதிந்துவைக்க வேண்டியவனாகிறேன்.

தனியார் பள்ளியொன்றில் தமிழாசிரியனாக இருந்து ஓய்வுபெற்றபின் அக்கடையில் சேர்ந்தேன். ஓய்வூதியம் கிடையாது. வணிக மடல்கள், துண்டறிக்கைகள், புடவையோடு வைக்கும் விளக்கச் சீட்டுகள் ஆகியவற்றை எழுதுவதும் திருத்துவதும் என் பணி. ஆண்டுதோறும் ஆயுத பூசையன்று ஊழியர் ஒருவருக்குப் பொன்னாடை போர்த்திப் பாராட்டு மடல் வழங்குவர். அதனையும் நானே எழுதுவேன். மாலையில் ஓரிக்கைக்குப் பேருந்தேறிப் பத்தாம் வகுப்பு மாணவர்க்குத் தனிப்பாடம் நடத்துகிறேன். கடை ஊதியம் சற்றே உயருமாயின் அந்த மாலைப் பணியை விட்டுவிடலாம் என்பதே என் எண்ணம். பொழுது சாய்ந்தால் கணுக்கால்கள் வீங்கிவிடுகின்றன. பேருந்தின் முதற்படி ஆண்டுக்காண்டு உயர்ந்துவருவதுபோல் தோன்றுகிறது.

சென்ற ஆண்டு, ஆடித் தள்ளுபடி முடிந்த வாரத்தில், ஊதிய உயர்வு வேண்டுமென உரிமையாளரிடம் வாய்விட்டுக் கேட்டேன். என்னினும் முப்பது வயது இளையவர். என்னை நிற்கவைத்துப் பேசியதே இல்லை.

"நீங்க இல்லன்னா இந்தக் கடை ஏதுங்க ஐயா! உங்க எழுத்தப் படிக்கறதுக்குன்னே கஸ்டமர் வர்றாங்க. பாக்கலாம், தீபாவளி வியாபாரம் போவட்டும்" என்றார்.

சில வாரங்கள் கழித்து அவரே அழைத்தார். "ஐயா, இந்த வருஷம் மடல் உங்களுக்குத்தான்."

"மகிழ்ச்சி. எழுதப் போகிறவர் யார்?"

அவர் சிரித்தார். "உங்கள விட்டா அந்தத் தமிழ் யாருக்குங்க வரும்? நீங்களே எழுதிடுங்க. கொஞ்சம் தாராளமாவே எழுதிக்குங்க."

"ஊதியம் பற்றிச் சொல்லியிருந்தேனே."

"மொதல்ல இது நல்லபடியா முடியட்டும் ஐயா."

புடவைகளை மடித்து அடுக்கும் பணியில் உள்ள அம்மையார் அருகிலிருந்து கேட்டுவிட்டார். உரிமையாளர் அப்பால் போனதும், "மாட்டிக்கினீங்களா ஐயா?" என்றார்.

"என்ன சொல்கிறீர்கள் அம்மா?"

"நான் சம்பளம் ஏத்திக் கேட்ட வருஷம் எனக்கு மடல். டிரைவரு கேட்டாரு, அடுத்த வருஷம் அவருக்கு. நாங்க கேக்க கேக்க நீங்க எழுதிக் குடுத்துக்கினே இருந்தீங்க. இப்போ உங்க வாயையும் உங்க கையாலயே அடைக்கச் சொல்றாரு."

"தங்களுக்கு எழுதியதேனும் நன்றாக இருந்ததா?"

"யாருக்குத் தெரியும்? ஒண்ணும் புரியல. அது மேலயே மருமவ காலண்டர மாட்டி வெச்சிக்கினு இருக்குது."

அன்று பழைய படிகளையெல்லாம் எடுத்துப் பார்த்தேன். அனைத்திலும் 'அயராது உழைக்கும் அருந்தகையீர்' என்றே எழுதியிருந்தேன். ஓட்டுநருக்கும் அதுவே, அம்மையாருக்கும் அதுவே. அவர்கள் அயர்ந்தனரா என்று ஒருவரையும் நான் கேட்டதில்லை. கேட்ட ஊதியத்திற்கு மாற்றாகக் கொடுக்கப்பட்டவை என் சொற்கள் என்பது எனக்குத் தெரியாமலே போயிற்று. தெரிந்துகொள்ள முயலவில்லை என்பதே நேர்மை.

ஆதலின் எனக்கான மடலில் அணிநலன் எதனையும் சேர்க்கவில்லை. இவர் பதினோராண்டுகளாக இக்கடையில் எழுதுகிறார். விளக்கச் சீட்டில் பருத்தி கலந்த புடவையைத் தூய பட்டு என்று ஒருபோதும் எழுதியதில்லை. மாலையில் வேறொரு பணிக்குச் செல்கிறார். இறுதி வரி: 'இவர் அயர்ந்திருக்கிறார்.'

உரிமையாளர் இருமுறை படித்தார். முகம் சற்று வாடியது. "நல்லா இருக்குதுங்க ஐயா" என்றவர், தாளை மடித்துத் தாமே அச்சகத்துக்கு எடுத்துச் சென்றார்.

பூசையன்று பொரியும் பொன்னாடையும் தந்தபின் மடலை அவரே உரக்கப் படித்தார். முடிவில், 'அயராது உழைக்கும் அருந்தகையீர், வாழ்க!' என்றார். உரிமையாளர் சொற்படி, அதற்கு முந்தைய ஆண்டு மடலிலிருந்து அச்சகத்தார் எடுத்துப் போட்ட வரி அது. அனைவரும் கைதட்டினர். நான் கைகூப்பினேன். தீபாவளி வந்து போயிற்று, ஊதியம் உயரவில்லை. ஓரிக்கைப் பேருந்தை நான் விடவில்லை.

ஒரு நாள் உணவு வேளையில் அம்மையார் என் மேசையருகே வந்தார். நீக்கப்பட்ட வரியை அவரிடம் மட்டும் சொல்லியிருந்தேன். "எனக்கும் உங்களுக்கு எழுதின மாரி ஒண்ணு எழுதிக் குடுங்க ஐயா. புரியற மாரி."

அவர் செய்வதை இரண்டு நாள்கள் உற்றுநோக்கி எழுதினேன். விற்காத புடவைகளின் மடிப்பை ஆறு மாதத்திற்கொருமுறை மாற்றி மடித்துச் சரிகை முறியாமல் காப்பவர் என்று படித்துக் காட்டினேன்.

"ஆறு மாசமா? நல்லா இருக்குது போங்க! மூணு மாசங்க ஐயா. ஆறு மாசம் உட்டா எல்லாம் ஒடஞ்சிப்பூடும். அடிங்க அத."

அடித்துத் திருத்தினேன். புது மடலை மாட்டியதால் காலண்டர் வேறு ஆணிக்கு மாறிற்று என்று மறுவாரம் சொன்னார். கால்கள் வீங்கியபடியே மறுநாளும் கடைக்குச் செல்ல எனக்கு இருக்கும் காரணம் இவ்வளவே. இது போதுமா என்று நான் அறியேன்.

என்னைப் பற்றி நானே எழுதுவது இது இரண்டாம் முறை. முதலாவதைத் திருத்தியவர் என்னைக் கேட்கவில்லை. இதில் என் பக்கம் சாய்ந்தோ, உரிமையாளரிடம் நடுநிலையின்றியோ, நாள் முறை பிறழ்ந்தோ யாதேனும் எழுதியிருப்பின், அக்கடையில் உடனிருந்தோரும் படிப்போரும் அம்மையாரைப் போலவே தயங்காது சொல்லுங்கள். அடித்துத் திருத்திக்கொள்கிறேன்.