பேர் நிறைந்த சுவர்

ஜேர்மனியின் ஹம் நகரத் தொழிற்சாலையில் மெஷின் இரைச்சலுக்கு மேலாகக் கத்திக் கத்திக் கதை சொல்பவர் என் கணவர் மரியநாயகம். கலியாணவீடோ செத்தவீடோ, அவரைச் சுற்றி எப்போதும் சிரிப்புத்தான். அவர் சொல்லாத கதை ஒன்று மிச்சம் இருக்கும் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

மகள் லவினியாவுக்கு ஹைடல்பேர்க்கில் படிக்க இடம் கிடைத்ததால் மூவருமாக ஊர் பார்க்கப் போனோம். பழைய பல்கலைக்கழகக் கட்டடத்தில் ஒரு சிறை இருந்தது. குடித்துக் கூத்தடித்த மாணவர்களை அந்தக் காலத்தில் அங்கே பூட்டி வைத்தார்களாம். அவர்களோ அதைப் பெருமையாக எண்ணி, சுவர் முழுக்கத் தங்கள் முகங்களை வரைந்து பேரும் எழுதியிருந்தார்கள். ஆட்களை அடைத்து வைத்த மறியலையும் டிக்கெட் எடுத்துப் பார்க்க வேண்டுமா என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

“அப்பா, உள்ளுக்குப் போய் நில்லுங்கோ, ஒரு படம் எடுப்பம்” என்றாள் லவினியா.

அவர் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றினார். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தபடி குந்தி, இரண்டு கைகளையும் பிடரியில் கோத்துக்கொண்டார். அப்படிச் செய்யச் சொல்லி ஒருவரும் கேட்கவில்லை.

“இஞ்சருங்கோ, என்ன செய்யிறியள்? எழும்புங்கோ!” என்று கத்திவிட்டேன்.

மெல்ல எழும்பி, சுவரில் இருந்த ஒரு பேரை விரலால் தடவினார்.

“நாங்கள் ஒருத்தரும் எழுதேல்லை, மக்டலீன். பேர் தெரிஞ்சால் ஆமிக்காரர் எங்கட வீடுகளைத் தேடிப் போயிடுவாங்கள்.”

இலங்கையில் அவர் எந்த மறியலில், எப்போது இருந்தார் என்று எனக்கு இதுவரை தெரியாது. இத்தனை வருடம் இந்த மனிசனோடு ஒரே கட்டிலில் படுத்தவள் நான்.