பெயர்ச் சுவரைப் பார்க்கப் போன நாள்

அம்மா அந்தப் படிவத்தை வாசிக்கவில்லை. ஒரு காலில் சப்பாத்து, மற்றக் காலில் சப்பாத்தில்லை. ஃபிரிட்ஜ் கதவில் தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டு கையெழுத்தைப் போட்டார். முதியோர் இல்லத்தில் ஏழு மணிக்கு வேலை தொடங்கும். பஸ்ஸை விட்டால் அடுத்தது இருபது நிமிடம் கழித்துத்தான். படிவத்தில் இருந்த ஆங்கிலத்தில் 'மியூசியம்' என்ற ஒரு சொல் மட்டும் அவர் கண்ணில் பட்டிருக்க வேண்டும்.

நான் அப்போது ஆறாம் வகுப்பு. பெற்றோரில் இன்னும் ஒருவராவது துணைக்கு வராவிட்டால் சுற்றுலாவை நிறுத்த வேண்டிவரும் என்று எங்கள் ஆசிரியை சொல்லியிருந்தார். அப்பா ட்ரக்கோடு மொன்றியலுக்குப் போயிருந்தார். அம்மாவுக்கு லீவு இல்லை. அதனால் படிவத்தின் அடியில், துணைக்கு வருபவர் என்ற இடத்தில், அம்மா தன் தம்பியின் பெயரை எழுதிவிட்டார்.

"மாமாவும் ஒருக்கா வெளியாலை போய் நாலு இடத்தைப் பாக்கட்டும். டைனோசர் எலும்பெல்லாம் வைச்சிருப்பினம், என்ன?" என்றார்.

நாங்கள் போக இருந்தது ஹிட்லரின் ஆட்சியில் கொல்லப்பட்ட யூத மக்களின் நினைவிடத்துக்கு. அதைச் சொன்னால் அம்மா சப்பாத்தைக் கழற்றிவிட்டு இருந்து யோசிப்பார், பிறகு என்னையும் போக வேண்டாம் என்பார் என்று பயந்தேன். சினேகிதிகளோடு மஞ்சள் பஸ்ஸில் போகும் ஒரு நாளை இழக்க எனக்கு மனமில்லை.

மாமா கனடாவுக்கு வந்து அப்போது ஏழு மாதம். ஸ்காபரோவில் எங்கள் வெக்ஸ்போர்ட் அப்பார்ட்மெண்டின் ஹோலில், சோபாவில் படுப்பார். படுப்பார் என்பது பேச்சுக்கு. எப்போது எழும்பிப் பார்த்தாலும் அவர் ஜன்னலடியில் நின்றுகொண்டிருப்பார். சாப்பிடும்போதும் இருந்து சாப்பிட மாட்டார். சோற்றுக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு நடந்து நடந்து சாப்பிடுவார். வாசல் மணி அடித்தால் எல்லோருக்கும் முதல் எழும்புவார், ஆனால் கதவைத் திறக்க மாட்டார்.

அவருடைய மனைவியும் ஆறு வயது மகளும் வன்னியில், சண்டை முடிவதற்குச் சில கிழமைகள் முன்பு, ஒரே நாளில் செத்துப் போயிருந்தார்கள். இதை எனக்கு யாரும் சொல்லவில்லை. "மாமாட்டை ஒண்டும் கேக்காதை" என்று மட்டும் அம்மா சொல்லிவைத்திருந்தார். எங்கள் கட்டடத்தில் மனைவி பிள்ளைகளைக் கனடாவுக்குக் கூப்பிடும் ஸ்பொன்சர் அலுவல் முடியக் காத்திருந்த ஆண்கள் நாலைந்து பேர் இருந்தார்கள். மாமாவும் அந்தக் கணக்கில் ஒருவர், அலுவல் இழுபடுகிறது, கேட்டால் கவலைப்படுவார் என்று நானாகவே ஒரு முடிவுக்கு வந்திருந்தேன்.

சுற்றுலா அன்று காலை மாமா அப்பாவின் குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். தோள் இரண்டும் விழுந்து, கை விரல்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஆசிரியை அவரிடம் ஆறு பிள்ளைகளை ஒப்படைத்தார். அந்த ஆறு பேரையும் கவனித்துக்கொள்வதுதான் அவருடைய வேலை, அடிக்கடி எண்ணிப் பார்த்தால் போதும் என்று சொன்னார். நான் அதைத் தமிழில் சொன்னேன்.

சொல்லியிருக்கக் கூடாது. மாமா அந்தக் கணத்திலிருந்து எண்ணத் தொடங்கினார். பஸ்ஸில் ஏறுமுன் எண்ணினார், ஏறியதும் எண்ணினார், சிவப்பு விளக்கில் பஸ் நின்றபோதெல்லாம் எழும்பி நின்று எண்ணினார். அதுவும் வாய்விட்டு. "ஒண்டு, ரெண்டு, மூண்டு..." ஒவ்வொரு தலைக்கு மேலும் அவர் விரல் நின்று போகும். சாரதி இரண்டு தரம் இருக்கச் சொன்னார். இருந்தார். கால் மட்டும் ஆடிக்கொண்டேயிருந்தது. பின் சீட்டில் இருந்த பெடியன் ஒருவன் "ஒண்டு, ரெண்டு, மூண்டு" என்று அவரைப் போலவே சொல்லிக்காட்ட, பஸ் முழுவதும் சிரித்தது. நான் ஜன்னல் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு, நெடுஞ்சாலையில் எங்களை முந்திப் போன வாகனங்களில் ஏதாவது ஒன்றில் ஏறிவிட மாட்டேனா என்று நினைத்தேன்.

நினைவிடம் நகரின் வடக்கே ஒரு பூங்காவுக்குள் இருந்தது. சின்னக் காட்சிக்கூடம் ஒன்று. அதற்குப் பின்னால், வெளியே, கருங்கல் பலகைகளால் நீளமான ஒரு சுவர். எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர் நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்த ஒரு பெண்மணி. மெல்லிய குரல். அவர் பேசினால் வகுப்பு தானாக அடங்கியது.

காட்சிக்கூடத்துக்குள் எலும்பு ஒன்றும் இல்லாததை மாமா கண்டிருக்க வேண்டும். சுவரெல்லாம் படங்கள். கலியாண வீட்டுப் படம், கடற்கரையில் பிள்ளைகள் நிற்கும் படம், ஒரு வகுப்பு முழுவதும் வரிசையாக நிற்கும் படம். மாமா என் பக்கம் குனிந்தார்.

"இது ஆரின்ரை இடம் பிள்ளை?"

"யூத ஆக்கள், மாமா. உலக யுத்த நேரம் இவையைக் கொன்று போட்டாங்கள்."

"ம்ம். நாங்களும் பள்ளிக்கூடத்திலை படிச்சனாங்கள்" என்றார். பிறகு அந்த வகுப்புப் படத்துக்கு முன்னால் நின்று, படத்தில் நின்ற பிள்ளைகளை விரலால் எண்ணத் தொடங்கினார். நான் ஜாக்கெட்டின் கையைப் பிடித்து இழுத்தேன்.

அந்த அறைக்கு ஜன்னல் இல்லை. மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. வாசலடிக்குப் போவார், திரும்பி வந்து எங்களை எண்ணுவார், மறுபடி வாசலுக்குப் போவார். ஒரு முறை ஐந்து பேர்தான் கணக்கில் வந்தார்கள். என்னோடு படித்த ஒருத்தி தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள், அவ்வளவுதான். மாமா ஒருவரிடமும் கேட்கவில்லை. ஓடினார். கனத்த சப்பாத்து தரையில் அடிபட வெளியே ஓடி, வாகனத் தரிப்பிடம் வரை போய், திரும்பி ஓடி வந்து, தண்ணீர்க் குழாயடியில் நின்றவளைக் கண்டதும் முழங்கால் இரண்டிலும் கையை ஊன்றிக் குனிந்து மூச்சு வாங்கினார். அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, "உன்ர அங்கிளுக்கு என்ன?" என்று என்னிடம் ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் புதுசு என்றேன்.

பிறகு எல்லோரும் வெளியே சுவரடிக்குப் போனோம். கார்த்திகை மாதக் குளிர். கல் முழுவதும் பெயர்கள், நெருக்கமாக, வரிக்கு வரி. வழிகாட்டிய பெண்மணி ஒரு பலகையின் நடுவில் கையை வைத்தார். தன் தந்தையின் வீட்டில் பதினொரு பேர் இருந்ததாகவும், யுத்தம் முடிந்தபோது தந்தை மட்டும் மிஞ்சியதாகவும் சொன்னார். மற்றப் பத்துப் பேரின் பெயர்களையும் தந்தை கனடாவுக்கு வந்தபின் நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தாராம். அவர் கை வைத்திருந்த இடத்தில் அந்தப் பத்துப் பெயர்கள் இருந்தன. கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்.

இரண்டு பேர் கை உயர்த்திக் கேட்டார்கள். மூன்றாவதாக மாமா கை உயர்த்தினார், பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி, ஜாக்கெட்டின் கை முழங்கை வரை சரிய.

"கேட்டுச் சொல்லு பிள்ளை" என்றார். அவர் குரலில் ஒரு அவசரம் இருந்தது. "அவவின்ரை தகப்பன் மிஞ்சினவர், எழுதிக் குடுத்தவர். ஒருத்தரும் மிஞ்சாத வீட்டுப் பேரை ஆர் குடுத்தது? அதைக் கேள். பேர் குடுக்கிறதெண்டா ஆரிட்டைக் குடுக்க வேணும், கடுதாசி ஏதும் காட்ட வேணுமோ எண்டும் கேள். கடுதாசி இல்லாட்டி எடுப்பினமோ?"

முப்பது பிள்ளைகளும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பஸ்ஸில் அவரைப் போலச் சொல்லிக்காட்டிய பெடியன் இப்போதே சிரிக்க ஆயத்தமாக உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். ஆசிரியை, "என்ன கேட்கிறார்?" என்று அன்பாகத்தான் கேட்டார். எனக்குக் காது சுட்டது. அவ்வளவு நீளக் கேள்வியை ஆங்கிலத்தில் சொல்ல எனக்குத் தெரியும். தெரியாதென்று இல்லை. ஆனால் சொன்னால் பதில் வரும், பதிலுக்கு மாமாவிடமிருந்து இன்னொரு கேள்வி வரும், கடுதாசி என்ன கடுதாசி என்று கேட்பார்கள், எல்லோரும் குளிரில் நின்று எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"வாஷ்ரூம் எங்கே என்று கேட்கிறார்" என்று சொன்னேன்.

வகுப்பு சிரித்தது. அந்தப் பெண்மணி சிரிக்கவில்லை. "வாருங்கள்" என்று மாமாவின் முழங்கையைத் தொட்டு, கட்டடத்தின் பக்கம் கையைக் காட்டினார்.

மாமா அப்போது ஒரு அலுவலகக் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்துகொண்டிருந்தார். வாஷ்ரூம் என்ற சொல் அவருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. அவர் என்னைப் பார்த்தார். கோபப்பட்டால் நல்லது என்றிருந்தது எனக்கு, கோபப்படவில்லை. அந்தப் பெண்மணிக்குத் தலையை ஆட்டி "தேங்க்யூ" என்று சொல்லிவிட்டு, அவர் காட்டிய வழியே போனார். கதவு மூடியது. ஆசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சாரதி தூரத்தில் பஸ்ஸை இயக்கிச் சூடாக்கத் தொடங்கிவிட்டார். மாமா வெகுநேரம் வரவில்லை. வந்தபோது முகம் கழுவியிருந்தார், முன் மயிர் நனைந்து நெற்றியோடு ஒட்டியிருந்தது. எங்களை எண்ணவில்லை. அந்த நாளில் அதற்குப் பிறகு அவர் எண்ணவேயில்லை.

இன்றுவரை அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு சொல் கேட்டதில்லை. இப்போது விட்பியில் ஒரு சின்ன வீட்டில் தனியாக இருக்கிறார். நான் போனால் தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டு, தான் நின்றபடியே குடிப்பார். அன்றைய நாளைப் பற்றி நானாவது கேட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொண்டுதான் காரை எடுக்கிறேன். போன பிறகு குளிரைப் பற்றியும் வீட்டு வரியைப் பற்றியும் கதைத்துவிட்டுத் திரும்பி வருகிறேன்.

அன்று நாங்கள் வெளியேறும் வாசலில் ஒரு மேசையும், மேசையில் வருகை தந்தவர்கள் எழுதும் பெரிய புத்தகமும் இருந்தன. பெயர், ஊர், கருத்து என்று மூன்று கட்டம். பிள்ளைகளின் சார்பில் ஆசிரியை ஒரு வரி எழுதினார். பெரியவர்களும் எழுதலாம் என்று பேனாவை மாமாவிடம் நீட்டினார். மாமா வாங்கிக்கொண்டு குனிந்தார்.

அவர் எழுதத் தொடங்கினார், எழுதிக்கொண்டேயிருந்தார். மற்றவர்கள் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள். எனக்கு நிலைகொள்ளவில்லை. ஒரு பெயர் எழுத எவ்வளவு நேரம் வேண்டும்? அவர் நிமிர்ந்ததும் நான் புத்தகத்தை எட்டிப் பார்த்தேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் போய் எழுத்துக்கூட்டி வாசிக்கப் பழகியிருந்தேன். மாமா தமிழில் எழுதியிருந்தார், பிழையில்லாத, வடிவான எழுத்தில், மூன்று வரி. ஒன்றிலும் அவருடைய பெயர் இல்லை. முதல் வரியில் மாமியின் பெயர். இரண்டாவதில் மகளின் பெயர், பக்கத்தில் வயது ஆறு. மூன்றாவது வரியில், பெயருக்கு உரிய இடத்தில், 'குழந்தை' என்று மட்டும் இருந்தது. பக்கத்தில் 'ஒன்பது நாள்'. ஊர் என்ற கட்டத்தில் மூன்று வரிக்கும் ஒரே பெயர், நான் கேள்விப்படாத ஒரு கடற்கரை ஊர். கருத்துக் கட்டத்தில் ஒன்றும் இல்லை.

எனக்குச் சினம் வந்தது. வந்தவர்கள் எழுதும் புத்தகத்தில், கனடாவுக்கே இன்னும் வராதவர்களை எழுதி வைத்திருக்கிறாரே! தமிழ் தெரிந்த யாராவது பார்த்தால் என்ன நினைப்பார்கள்? கருத்தை வெறுமையாக விட்டது அதைவிட மோசம். எங்கள் ஆசிரியைக்கு வெறும் கட்டம் கண்ணில் காட்டக் கூடாது. நான் பேனாவை எடுத்து, மாமியின் பெயருக்கு நேரே கருத்துக் கட்டத்தில், என்னிடம் இருந்த நல்ல கையெழுத்தில், 'வெரி நைஸ்' என்று ஆங்கிலத்தில் எழுதினேன். கீழே இரண்டு வரிக்கும் மேற்படி என்பதற்கு இரண்டிரண்டு சின்னக் கோடு போட்டேன்.

"என்ன எழுதினனி?" என்று மாமா கேட்டார்.

"எல்லாம் நல்லா இருந்துது எண்டு."

மாமா அந்தப் பக்கத்தைச் சற்று நேரம் பார்த்தார். "ஓம்" என்றார். பேனாவை என்னிடமிருந்து வாங்கி, மூடியைப் போட்டு, புத்தகத்துக்குப் பக்கத்தில் நேராக வைத்தார்.

பஸ்ஸில் அவர் ஜன்னல் பக்கம் இருந்தார், நான் பக்கத்தில். எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. ஒருவழியாக நாள் முடிந்துவிட்டது, இனி அந்தக் கேள்வியை யாரும் கேட்கப்போவதில்லை. மாமிக்கு இரண்டாவது பிள்ளையும் பிறந்திருப்பதை அம்மா ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று யோசித்தேன். மூன்று பேரும் வந்து இறங்கினால் ஹோலில் எல்லோருக்கும் இடம் போதாது, என் அறையைத்தான் கேட்பார்கள். அது பரவாயில்லை. பிறந்து ஒன்பது நாளாகிறது, அந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர் வைக்க மட்டும் ஏன் இவ்வளவு நாள் எடுக்கிறார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவேயில்லை.