நாற்பத்தாறு ஓம்

கேஸ் தீர்ந்துபோகிற நாளுக்கென்று பரணில் போட்டு வைத்திருந்த கரண்ட் அடுப்பு போன வாரம் கைவிட்டுவிட்டது. பாகலூர் ரோட்டு ரிப்பேர் கடைக்காரர் பழைய காயிலைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக ஒன்றை மாட்டி சுவிட்சைப் போட்டார். சுருள் மெல்லச் சிவக்கும்போது ஒரு வாசனை வரும் பாருங்கள், எண்ணெயும் தூசியும் சேர்ந்து கருகுகிற மாதிரி. முதல் சூட்டுக்கு மட்டும்தான் அது. கடையில் நின்றபடியே நான் எங்கேயோ போய்விட்டேன்.

நாகரசம்பட்டிப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு, அத்தை வீட்டுக்கு வந்து, காயில் கம்பெனியில் சேர்ந்த புதிது. அப்போதெல்லாம் காலையில் ஷெட்டுக்குள்ளேயே பனி நிற்கும். அதற்குள் காயில்கள் ஒவ்வொன்றாகச் சிவக்கும்போது, யாரோ பனியில் செவ்வரளி நட்டு வைத்த மாதிரி இருக்கும். அஞ்சாவதோடு நின்றவள் நான். வாய்ப்பாடு நன்றாக வரும், பேச்சுதான் வராது. பெயர் கேட்டாலே முந்தானையைப் பார்த்துத்தான் பதில் சொல்வேன். அப்படிப்பட்டவளைக் கொண்டுபோய், வாய்விட்டுச் சொல்ல வேண்டிய டெஸ்டிங் மேசையில் உட்கார வைத்தார்கள்.

மேசையில் இரண்டு மீட்டர். வோல்ட் மீட்டர் எதிரில் இருந்தவர் பக்கம், ஆம்பியர் மீட்டர் என் பக்கம். காயிலை மாட்டி சுவிட்சைப் போட்டதும் அவர் "இருநூத்தி முப்பது" என்பார். நான் "அஞ்சு" என்பேன். வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் நாற்பத்தாறு ஓம், அது கம்பியின் தடை. அதைச் சொல்வது என் வேலை. இரண்டையும் பெருக்கினால் ஆயிரத்து நூற்றைம்பது வாட், அது காயில் இழுக்கிற பவர்; அதைச் சொல்வது அவர் வேலை. சூப்பர்வைசர் சார் சாக்பீஸால் பலகையில் எழுதிக்கொள்வார்.

முதல் நாள் சார், "வகுத்துட்டு கடைசீல ஓம் சொல்லணும்மா" என்றார். இங்கே சாமி கும்பிட்டுவிட்டுத்தான் எழுதுவார்கள் போல என்று நினைத்து, செருப்பைக் கழற்றி, கண்ணை மூடி, கைகூப்பி "ஓம்" என்றேன். ஷெட்டே சிரித்தது. எதிரில் இருந்தவர் மட்டும் சிரிக்காமல், ஏதோ கேட்டதற்குப் பதில் கிடைத்தவர் போல நிமிர்ந்து பார்த்தார். அவர் இலங்கையிலிருந்து வந்து அகதி முகாமில் இருந்தவர். அவர்கள் ஊரில் ஆமாம் என்பதற்கு ஓம் என்றுதான் சொல்வார்களாம். சார் எதைக் கேட்டாலும் "ஓம் சார், ஓம்" என்பார். காயில் சுற்றுகிற கௌரம்மா சும்மா இருப்பாளா? "ஒருத்தி மந்திரம் சொல்றா, ஒருத்தரு ஆமாங்கறாரு. நல்ல மேசைடியம்மா!"

எண்களைத் தவிர நாங்கள் வேறு பேசியதில்லை. சாயங்காலம் சுற்றுவட்டக் கம்பெனிகளில் மிஷின்கள் ஓடும்போது வோல்ட் இறங்கும். "நூத்தி எண்பத்தி நாலு" என்பார், குரலும் கூடவே இறங்கியிருக்கும். "நாலு" என்பேன். வாட் எழுநூற்றுச் சொச்சத்துக்கு விழுந்துவிடும். வகுத்துப் பார்த்தால் அதே நாற்பத்தாறு. கரண்ட் ஏறினாலும் இறங்கினாலும் கம்பி தன் குணத்தை விடவில்லையே என்று எனக்கு ஒரு சந்தோஷம். இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

ஒருநாள் டீ நேரத்தில் அவராகவே பக்கத்தில் வந்து நின்றார்.

"அம்மாவும் அக்காவும் ஊருக்குத் திரும்பிப் போகினம். போறதெண்டா நாளைக்குள்ள நானும் முகாமில பேர் குடுக்கோணும். போறதோ, இஞ்ச நிக்கிறதோ? நீங்கள் சொன்னா நிப்பன்."

டம்ளரில் டீ ஆடை கட்டுகிற வரைக்கும் நின்றேன். அவர் போய்விட்டார்.

"என்னடி கேட்டாரு சிலோன்காரரு? மூஞ்சி காயிலாட்டம் செவந்து கெடக்குது" என்றாள் கௌரம்மா.

அன்றைக்கும் வோல்ட் இறங்கியது. "நூத்தி எண்பத்தி நாலு" என்றார், என்னைப் பார்க்காமல். "நாலு" என்றேன். வகுத்தேன். நாற்பத்தாறு என்று வாய் வரைக்கும் வந்த எண்ணை விழுங்கிவிட்டேன்.

"ஓம்."

"எத்தன ஓம்மா?" என்றார் சார்.

"ஓம்."

"ஏனம்மா இது! நம்பர் எல்லி? கோயில்னு நெனச்சியா?" நம்பர் எங்கே என்று கேட்கிறார்; கோபம் வந்தால் சாருக்குக் கன்னடம் கலந்துவிடும்.

அவர் வோல்ட் மீட்டர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது. வாட் எவ்வளவு என்று சார் கேட்டபோது அவருக்குப் பெருக்கல் மறந்து போயிருந்தது.

நின்றுவிட்டார். அம்மாவும் அக்காவும் போனார்கள். கல்யாணத்துக்குப் பிறகு அவர் கொஞ்சம் கொஞ்சமாக ஓசூர்க்காரர் ஆகிவிட்டார். பால்காரரிடம் தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம், என்னிடம் "ஆமா". பிள்ளைகளுக்கும் "ஆமா"தான், பேத்திக்கு "யெஸ்". அக்காவோடு போன் பேசும்போது மட்டும் உள்ளறையிலிருந்து "ஓம்... ஓமோம்" என்று கேட்கும். நான் அடுக்களையில் குழாயை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். அக்கா கண்ணை மூடிய பிறகு அந்தப் போனும் இல்லை. கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். பனிகூட முன்னைப்போல் இறங்குவதில்லை.

கடைக்காரர் அடுப்பை அணைத்து ஆறவிட்டு, காயிலின் இரண்டு முனையிலும் சின்ன மீட்டரின் குச்சிகளை வைத்தார். இப்போது வகுக்கவும் வேண்டாம், எதிரில் ஆளும் வேண்டாம். எண் தானாக வந்து நின்றது.

"நாப்பத்தாறு. நல்லாருக்குதும்மா" என்றார்.

மீதியை நான்தான் வாய்க்குள் சொல்லிக்கொண்டேன்.